கம்பிக்கு எதற்குக் குலப்பெருமை?

பாசிமணியைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுத வேண்டுமென்றால் அதற்கு ஒரு தடம் ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறது. முதல் பத்தியில் அரிக்கமேடு. இரண்டாவது பத்தியில் கொடுமணல், கீழடி. மூன்றாவது பத்தியில் ரோமானியக் கப்பல். கடைசியில், "ஈராயிரம் ஆண்டு மரபின் வாரிசுகள் இன்று பேருந்து நிலையத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள்" என்று ஒரு பெருமூச்சு. படித்தவர் நெகிழ்ந்துபோய்ப் பகிர்வார். அடுத்த வாரம் அதே பேருந்து நிலையத்தில் நூறு ரூபாய் மாலையை ஐம்பதுக்குக் கேட்பார்.

என் ஊர் களமருதூர். கள்ளக்குறிச்சி மாவட்டம், உளுந்தூர்பேட்டைப் பக்கம். தெருவில் புது ஆள் யாராவது நுழைந்தால் திண்ணையிலிருந்து இரண்டு கேள்வி வரும்: "எந்த ஊரு? யாரு வூட்டுப் புள்ள?" வந்தவரை உட்காரச் சொல்வதா, நிற்க வைத்தே பேசி அனுப்புவதா என்பது அந்தப் பதிலில் இருக்கிறது. படித்து, நகரத்துக்கு வந்து, இலக்கியம் பேசுகிற நாம் அந்தக் கேள்வியை விட்டுவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். மனிதர்களிடம் கேட்பதைத்தான் விட்டிருக்கிறோம். பொருள்களிடம் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். உனக்கு எத்தனை வயது? எந்த மண்? எந்த மரபு? பதில் திருப்தியாக இருந்தால் அது கலை, கைவினை, பாரம்பரியம். இல்லையென்றால் அது "பாசி ஊசி".

ஒரு கைவேலைக்கு அதிலுள்ள திறமைக்காகவும் உழைப்புக்காகவும் விலை கொடுக்க வேண்டும். அதன் குலம் கோத்திரம் விசாரித்துவிட்டுத்தான் கொடுப்பேன் என்பது சாதிக் கேள்வியை நாகரிகமாகக் கேட்பதுதான். இதை நிரூபிக்க எனக்குக் கிடைத்த சாட்சி, கம்பி கட்டி நகை செய்யும் வேலை.

*

கல்லையோ மணியையோ கம்பியால் கட்டி, அந்தக் கம்பியையே வளையமாக்கி, வளையத்தை வளையத்தோடு மாட்டிச் செய்யும் நகைக்கு இப்போது ஊரெல்லாம் 'வயர் ராப்பிங்' என்று பெயர். சென்னையிலும் பெங்களூரிலும் சனி ஞாயிறுகளில் இதற்கு வகுப்பு நடக்கிறது. என்னோடு வேலை பார்ப்பவர் ஒருவர் போன வருஷம் அப்படி ஒரு வகுப்புக்குப் போய் வந்தார். ஒரு நாள், மதியச் சாப்பாட்டோடு மூவாயிரம் ரூபாய். நாள் முடிவில் ஒரு ஜோடி காதணி. நன்றாகவே இருந்தது. "இது ஐரோப்பாவின் பழங்காலக் கலை" என்று சொல்லித்தான் வகுப்பை ஆரம்பித்தார்களாம்.

அன்று அவர் கற்றுக்கொண்டதன் சாரம் 'ராப்ட் லூப்' எனும் ஒரே வேலை. மணியின் துளையில் கம்பியை விட வேண்டும். மணிக்கு மேலே இரண்டு மூன்று மில்லிமீட்டர் கழுத்து விட்டுக் கம்பியைச் செங்கோணமாக மடக்க வேண்டும். உருண்டை மூக்குக் குறட்டால் மடிப்பைப் பிடித்துக் கம்பியை வளையமாகச் சுழற்ற வேண்டும். வளையம் மூடுவதற்கு முன் அடுத்த மணியின் வளையத்தை உள்ளே மாட்டிவிட வேண்டும். பிறகு வளையத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, மிச்சமிருக்கும் கம்பியைக் கழுத்தைச் சுற்றி நெருக்கமாக இரண்டு மூன்று சுற்று. நுனியை ஒட்ட வெட்டி, வெட்டிய முனையை உள்பக்கமாக அமுக்கிவிட்டால் முடிந்தது.

கேட்க எளிது. செய்து பார்த்தால் கழுத்து நீளமாகிவிடும், வளையம் கோழிமுட்டை வடிவத்தில் நிற்கும், சுற்றுகளுக்கு நடுவே சந்து தெரியும். ஆனால் சரியாக விழுந்த முடிச்சு அசாத்தியமானது. சும்மா வளைத்துவிட்ட வளையத்தில் ஒரு வாய் இருக்கும். இழுத்தால் அந்த வாய் திறந்துகொள்ளும். சுற்றிக் கட்டிய வளையத்தில் வாயே கிடையாது. கம்பி அறுந்தால்தான் அது பிரியும். இத்தனைக்கும் கம்பியின் தடிமன் அரை மில்லிமீட்டருக்கும் 0.8 மில்லிமீட்டருக்கும் நடுவே ஏதோ ஒன்று.

இதில் முக்கியமான விஷயம், எங்கேயும் நெருப்பு இல்லை. ஆசாரி நகை செய்தால் உலை வேண்டும், ஊதுகுழல் வேண்டும், கம்பியச்சில் கம்பி இழுக்க வேண்டும், பொடி வைத்து ஊத வேண்டும். 'பொடி வைத்துப் பேசுகிறான்' என்ற வழக்கே அந்தப் பட்டறையிலிருந்து வந்ததுதான். பட்டறை என்றால் கூரை, சுவர், கதவு, கதவுக்குப் பூட்டு, தெருவில் ஒரு முகவரி. கம்பி கட்டும் வேலைக்கு ஒரு குறடு, ஒரு சுருள் கம்பி, ஒரு பை மணி போதும். மழை வந்தால் சுருட்டிக்கொண்டு கிளம்பலாம். ஓரிடத்தில் உட்கார அனுமதிக்கப்படாதவர்கள் கையில் இந்த நுட்பம் தங்கியதற்குக் காரணம் அதன் இயல்பிலேயே இருக்கிறது.

*

அந்தக் கைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அரசாங்கக் காகிதத்தில் நரிக்குறவர். அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது வாக்ரி; பேசுவது வாக்ரிபோலி, குஜராத்திக்கும் மராத்திக்கும் உறவுள்ள மொழி. நான் அவர்கள் சொல்லும் பெயரையே எழுதுகிறேன். ஊசி, பாசி விற்பது அவர்களிடம் முன்பே இருந்தது. 1972இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை முடக்கிய பிறகு மணி கோப்பது பக்கத் தொழிலாக இருந்து வயிற்றுத் தொழிலாகிவிட்டது. திருச்சிப் பக்கம் தேவராயநேரியிலிருந்து மாமல்லபுரம் பக்கம் பூஞ்சேரி வரை இன்று குடியிருப்புகளின் அடுப்பு எரிவது இதில்தான். கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போடுபவர்கள், பௌர்ணமிக்கு அண்ணாமலையைச் சுற்றுபவர்கள் கழுத்தில் கிடக்கும் கம்பி கட்டிய ருத்ராட்சத்தில் பாதியாவது இவர்கள் விரல் பட்டது என்று துணிந்து சொல்வேன்.

எங்கள் பக்கத்தில் சித்திரையில் கூவாகம் கூத்தாண்டவர் திருவிழா. திருநங்கைகள் நாடெங்கிலுமிருந்து வந்து அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுத்துவிட்டுப் போகும் விழா என்று பத்திரிகைகள் வழியாக எல்லோருக்கும் தெரியும். எங்களுக்கு அது திருவிழாச் சந்தையும்கூட. அங்கே சாலையோரம் ஒரு தார்ப்பாய் நிழலில் மாலை கட்டிக்கொண்டிருந்த ஒரு வாக்ரி அக்காவின் பக்கத்தில் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். குறட்டை அவர் கீழே வைக்கவே இல்லை. சில்லறை கொடுக்கும்போதும் சுண்டுவிரலில் தொங்கிக்கொண்டிருந்தது.

"எதுக்குக்கா மூணு சுத்து? ரெண்டு போதாதா?" என்று கேட்டேன்.

"ரெண்டுன்னா கொழந்த புடிச்சி இழுத்தா கழண்டுக்கும் தம்பி. நாலுன்னா கம்பி வீணு. மூணுதான் கணக்கு."

"தப்பா மடங்கிட்டா நிமித்திக்கலாமா?"

"நிமித்துனா அங்கியே ஒடையும். கம்பி ஒரு தடவதான் பேச்சு கேக்கும்."

பொறியியல் இரண்டாம் ஆண்டில் உலோகவியல் பாடத்தில் இதற்கு ஓர் அத்தியாயம் உண்டு. உலோகத்தை வளைக்கும்போது அதன் படிகங்களுக்குள் இருக்கும் பிசகுகள் பெருகி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. அதனால் வளைந்த இடம் இறுகுகிறது. மேலும் வளைத்தால் முறிகிறது. வளையம் தன் வடிவத்தை விடாமல் நிற்பதும் இதனால்தான், திருத்தும்போது உடைவதும் இதனால்தான். நான் பரீட்சைக்காக மனப்பாடம் செய்ததை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்கவில்லை, அதற்கேற்ற மாதிரி கையைப் பழக்கி வைத்திருந்தார். அந்த மதியம் முழுக்க ஒரு மடிப்பைக்கூட அவர் நிமிர்த்தவில்லை.

ஒரு திருநங்கை அறுந்த மணிச்சங்கிலியைக் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு வளையத்தை வெட்டி, புதுக்கம்பி விட்டு, நாலு மணி கூடுதலாகச் சேர்த்து நீளமாக்கித் தந்தார் அக்கா. நின்ற நிற்பில் முடிந்தது. நெருப்பு வைத்த நகையில் இதைச் செய்ய முடியாது. பட்டறைக்குப் போய் இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். இருபது ரூபாய் கேட்டார். வந்தவர் ஐம்பதைக் கொடுத்துவிட்டு மீதி வாங்காமல் போனார்.

பிறகு ஒரு குடும்பம் வந்தது. 54 மணி ருத்ராட்ச மாலை. மணிக்கு இரண்டு வளையம் வீதம் 108 வளையம். நான் கைபேசியில் நேரம் பார்த்திருந்தேன். ஒரு மணிக்கு அரை நிமிடம் ஆகிறது, மாலைக்கு ஏறக்குறைய அரை மணி நேரம். அக்கா சொன்ன விலை 250. அவர்கள் ஆரம்பித்தது 80. "சும்மா கம்பிய முறுக்கினதுக்கு இவ்ளோவா?" என்று கேட்டுக்கொண்டே 130க்கு முடித்தார்கள். மணிக்கும் கம்பிக்குமே தொண்ணூறு போய்விடும் என்பது அக்காவின் கணக்கு. மிச்சம் நாற்பது ரூபாய். அதில் பஸ் செலவு, சாப்பாடு, தார்ப்பாய் போட இடம் விட்டவருக்குக் கொடுத்தது எல்லாம் அடக்கம்.

அதே மடிப்பு, அதே வளையம், அதே சுற்று. ஓரிடத்தில் அதைக் கற்றுக்கொடுக்க ஆளுக்கு மூவாயிரம். இன்னோரிடத்தில் 108 தடவை பிசகாமல் செய்து கொடுத்தால் நாற்பது.

*

'சும்மா கம்பிய முறுக்கினது' என்ற அந்தச் சொல்லை நான் விடப்போவதில்லை. என் தொழிலின் மூதாதைகள் சும்மா கம்பியை முறுக்கியவர்கள்தான்.

மின்னணுவியலிலும் 'வயர் ராப்' என்றே ஒரு நுட்பம் உண்டு. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் தொலைபேசி இணைப்பகங்களுக்காக உருவாக்கியது. கூர்மையான மூலைகள் கொண்ட ஒரு சதுரக் கம்பத்தில் மெல்லிய கம்பியை இறுக்கமாக ஏழு சுற்று சுற்றுவார்கள். ஈயப்பற்று கிடையாது, சூடு கிடையாது. ஒவ்வொரு மூலையும் கம்பியைக் கடித்துப் பிடிக்கும். ஏழு சுற்றுக்கு 28 கடி. அந்த இடத்தில் காற்றுகூட நுழையாது என்பதால் துருவும் பிடிக்காது. அதிர்வு, வெப்பம் எல்லாவற்றையும் தாங்கி, பற்றவைத்த இணைப்பைவிட நம்பகமாக நின்றது. 60களிலும் 70களிலும் பெரிய கணினிகள் பலவற்றின் முதுகுப்பக்கம் இப்படிச் சுற்றிய கம்பிகளின் காடு. 1969 ஜூலையில் மனிதனை நிலவில் இறக்கிய அப்போலோ வழிகாட்டிக் கணினியின் தருக்கப் பகுதிகளை இணைத்ததும் இந்தச் சுற்றுதான்.

கம்பி முறுக்குவதன் சாரம் இரண்டு இடத்திலும் ஒன்றே. வளைந்த உலோகம் தன் இறுக்கத்தாலேயே பிடித்துக்கொள்ளும், நெருப்பு தேவையில்லை. நிலவுக்குப் போனபோது அதற்கு 'நம்பகத்தன்மை' என்று பெயர். கூவாகம் ரோட்டில் அதற்கு 'சும்மா'.

அப்போலோ கதையில் இன்னொரு பாதியும் இருக்கிறது. அந்தக் கணினியின் நிரந்தர நினைவகம் நெய்யப்பட்டது. மாசசூசெட்ஸ் மாநிலத்து வால்தம் நகரில், ரேதியான் நிறுவனத்தின் ஆலையில், பெண்கள் செம்புக் கம்பியைக் காந்த வளையங்களுக்கு உள்ளேயும் வெளியேயும் விட்டுக் கோத்தார்கள். உள்ளே போனால் ஒன்று, வெளியே போனால் பூஜ்யம். ஒரு கம்பி தடம் மாறினால் மென்பொருளில் பிழை. பொறியாளர்கள் அதற்கு 'பாட்டி மெமரி' என்ற பொருளில் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். நிரல் எழுதியவர்களின் பெயர்கள் வரலாற்றில் இருக்கின்றன. கோத்த பெண்களில் மிகப் பெரும்பாலோர் பெயர் இல்லை. கைவேலை என்று ஆனதும், அதுவும் பெண் கை என்று ஆனதும், அறிவு அதிலிருந்து கழிக்கப்படுவது நம் ஊரின் தனிப்பெருமை அல்ல.

*

இதற்கு நம் நல்லவர்கள் கைவசம் வைத்திருக்கும் மருந்து 'பாரம்பரியம்'. இதுவும் தொன்மையான கலை என்று காட்டிவிட்டால் மதிப்பு தானாக வந்துவிடும் என்கிறார்கள். அங்கேதான் எனக்குச் சண்டை.

முதலில், அந்த வாதம் பொய்யில் நிற்க வேண்டியிருக்கும். வாக்ரிகள் கோக்கும் கண்ணாடி மணி பெரும்பாலும் உத்தரப்பிரதேசத்துப் பட்டறைகளிலிருந்து வருகிறது. பிளாஸ்டிக் மணி சீனாவிலிருந்து. ருத்ராட்சம் நேபாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும். அவர்களுடைய மாலை சந்தையைப் பார்த்து வருஷத்துக்கு வருஷம் மாறுவது. எந்த நிறம் ஓடுகிறது, எந்தப் பதக்கம் ஓடுகிறது என்று பார்த்து அடுத்த திருவிழாவுக்குள் மாற்றிவிடுகிறார்கள். அதை அரிக்கமேட்டோடு முடிச்சுப் போடுவது அவர்களுடைய புத்திசாலித்தனத்தைப் பறித்துக்கொண்டு பதிலுக்கு ஒரு தொல்பொருள் சான்றிதழ் கொடுப்பதாகும்.

வளையம் கட்டும் நுட்பத்தைக் கேட்டால், அதற்கு யாருடைய முத்திரையும் கிடையாது. ரோமானியர் காலத்துத் தங்கச் சங்கிலிகளிலும் மணியின் இருபுறமும் இதே மாதிரி சுற்றிக் கட்டிய வளையங்கள் இருக்கின்றன. ஆகவே 'எங்களிடமிருந்து திருடிவிட்டார்கள்' என்று சென்னை வகுப்புக்காரர்கள் மீது நான் பாயப்போவதில்லை. 'ஐரோப்பாவின் பழங்காலக் கலை' என்று அவர்கள் சொல்வதும் அதே நோய்தான். நாம் அரிக்கமேட்டைத் தேடுகிறோம், அவர்கள் ரோமைத் தேடுகிறார்கள். மூவாயிரம் வாங்குவதற்கு அவர்களுக்கும் ஒரு குலப்பெருமை தேவைப்படுகிறது.

இரண்டாவதாக, பாரம்பரியம் என்ற கதவு வாக்ரிகளுக்குத் திறக்காதபடிதான் செய்யப்பட்டிருக்கிறது. புவிசார் குறியீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் கிடைத்தது. நாகர்கோவில் கோயில் நகைக்கும் உண்டு. இரண்டுக்கும் தகுதி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 1999ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் பொருளின் தரத்தையோ பெயரையோ ஒரு நிலப்பகுதியோடு கட்டுகிறது. ஊர் ஊராகப் போக வைக்கப்பட்டவர்கள் எந்த நிலத்தைக் காட்டுவார்கள்? வெள்ளைக்காரன் 1871இல் குற்றப் பழங்குடிச் சட்டம் கொண்டுவந்தபோது நாடோடி என்றாலே சந்தேகம். இன்று சந்தேகம் போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம், ஆனால் விண்ணப்பத்தில் 'எந்த ஊரு?' என்ற கட்டம் இருக்கிறது. எங்கள் ஊர்த் திண்ணைக் கேள்விதான், அச்சடித்து வந்திருக்கிறது.

பட்டியலில் சேர்ப்பதே எவ்வளவு காலம் எடுத்தது என்று பாருங்கள். இவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கலாம் என்று லோகூர் குழு பரிந்துரைத்தது 1965இல். நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது 2022 டிசம்பரில். 57 ஆண்டுகள். அந்தச் சட்டம் பெரிய விஷயம். பள்ளி, கல்லூரி, வேலை என்று பிள்ளைகளுக்கு வழி திறக்கிறது. ஆனால் தார்ப்பாய்க்கு எதிரே நின்று பேரம் பேசுகிற நம் வாயைத் திருத்த எந்தச் சட்டத்தாலும் முடியாது.

*

எதிர்வாதங்கள் தெரியும்.

'வகுப்பில் செய்யும் நகை நேர்த்தியாக இருக்கிறது, வெள்ளிக் கம்பி, நல்ல கல்; சாலையோரத்தில் முலாம் பூசிய கம்பி கறுத்துவிடுகிறது.' உண்மை. வெள்ளிக் கம்பி வாங்க முதல் வேண்டும். நாற்பது ரூபாய் மிச்சத்தில் முதல் சேராது. கறுக்கும் கம்பிக்கு விலை குறையுங்கள், நியாயம். சுற்றுக்கு ஏன் குறைக்கிறீர்கள்?

'சந்தைதான் விலையை முடிவு செய்கிறது.' இருக்கட்டும். அதே சந்தையில் காபிக்கு 280 ரூபாய் என்றால் நாம் பேரம் பேசுவதில்லை. ஒட்டியிருக்கும் விலைச்சீட்டைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்கிறோம், உட்கார்ந்திருக்கும் மனிதரைப் பார்த்தால் திறக்கிறோம். அதற்குச் சந்தை என்ன செய்யும்?

'இவர்கள் தொழிலைக் காப்பாற்ற வேண்டாமா?' இது மிகவும் ஆபத்தான அன்பு. தொழிலைக் காப்பாற்றுவது என்றால் பத்து வயதுப் பெண் பிள்ளை திருவிழாச் சீசனுக்குப் பள்ளியை விட்டுத் தார்ப்பாயில் உட்கார்வது என்று அர்த்தமானால், அந்தத் தொழில் அழிந்தே போகட்டும். அந்தப் பெண் என்னை மாதிரி பொறியியல் படித்துவிட்டு, குறட்டைத் தொடாமலேயே வாழ்வதற்கு முழு உரிமை உள்ளவள். என் அப்பா செய்த வேலையை நான் செய்யவில்லை. யாரும் என்னை மரபைக் கைவிட்டவன் என்று திட்டவில்லை. காப்பாற்ற வேண்டியது மனிதர்களின் கூலியை. கூலி ஒழுங்காக இருந்தால் வேண்டியவர்கள் தொழிலைப் பார்த்துக்கொள்வார்கள்.

*

ஆகவே கோரிக்கைகள் சின்னவைதான்.

கம்பி நகை வகுப்பு நடத்துகிறவர்களே, ஒரு நாள் ஒரு வாக்ரி அக்காவைக் கூப்பிட்டு ஆசிரியர் நாற்காலியில் உட்கார வையுங்கள். 'கலாச்சார நிகழ்ச்சி'யாக மூலையில் உட்கார வைக்க வேண்டாம். வளையம் கட்டுவதைப் பாடமாக நடத்தட்டும். மற்ற ஆசிரியருக்கு என்ன சம்பளமோ அதையே கொடுங்கள். உங்கள் மாணவர்கள் ஒரு நாளில் ஒரு ஜோடி காதணி செய்கிறார்கள். அவர் அந்த நேரத்தில் பத்து மாலை கட்டுவார், ஒவ்வொரு சுற்றும் ஒரே மாதிரி இருக்கும். அந்த வேகம் எப்படி வருகிறது என்பதைவிட முக்கியமாக மாணவர்களுக்குக் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

வடிவமைப்புக் கல்லூரிகளில் ஆய்வேடு எழுதுகிறவர்களே, படமெடுக்கப் போகும்போது அன்றைய விற்பனைக்கான கூலியையும் எடுத்துக்கொண்டு போங்கள். நீங்கள் கேள்வி கேட்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இரண்டு மாலை குறைகிறது.

எழுதுகிற நண்பர்களே, அடுத்த கட்டுரையில் ஒரு தடவை அரிக்கமேட்டை விட்டுவிட்டு, மூன்றாவது சுற்று எதற்கு என்று எழுதிப் பாருங்கள்.

வாங்குகிற எல்லோருக்கும் ஒன்றே ஒன்று. மாலையைக் கையில் எடுத்து ஒரு வளையத்தை இழுத்துப் பாருங்கள். பிரிகிறதா? இல்லையென்றால் சொன்ன விலையைக் கொடுங்கள். அதற்குப் பிறகு எத்தனை ஆண்டு மரபு என்று சாவகாசமாகப் பேசலாம். அக்காவுக்கு நேரம் இருந்தால்.